ஆள் இல்லாத வெளி

மார்கழியில் திருவெம்பாவைப் பூசைக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கோயில்களில் திருவாதவூரடிகள் புராணம் படிப்பார்கள். ஒருவர் இராகத்தோடு வாசிக்க, மற்றவர் பயன் சொல்வார். நரி பரியான இடம் வந்தால் தூணில் சாய்ந்திருந்த கிழவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். குதிரை வாங்க மந்திரி வாதவூரரிடம் கொடுத்த அரச பணம் திருப்பெருந்துறையில் திருப்பணியாகிவிட்டது. மந்திரியைக் காக்க இறைவன் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டி வருகிறார். அன்றிரவே அவை பழையபடி நரிகளாகி, இலாயத்தில் நின்ற நல்ல குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஊளையிட்டுக்கொண்டு ஓடிவிடுகின்றன. பயன் சொல்பவர் இந்த இடத்தில் இறைவனின் கருணையை விரித்துக்கொண்டே போவார். கடிபட்ட குதிரைகளைப் பற்றி எவரும் பேசி நான் கேட்டதில்லை. ஆடு வளர்க்கிற ஒருவர் அந்தச் சபையில் இருந்தால் அவர் மனதில் முதலில் தைப்பது அதுவாகத்தான் இருக்கும். ஒரே இரவில் இத்தனை உருப்படி போயிருக்கிறதே, காவலுக்கு நின்றவன் எங்கே?

வடமராட்சியில் நெல்லியடிச் சந்தியை விட்டுத் துன்னாலை தாண்டிக் கப்பூது வெளிப்பக்கம் போனால் வயலும் தரவையும் வடலியுமாக நிலம் திறந்து கிடக்கும். மாரியில் தண்ணீர் நிற்கும், கோடையில் உப்புப் பூக்கும். அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஆடு வளர்க்கிறார். ஒருநாள் விடியற்காலை அவருடைய மூன்று மறி ஆடுகள் கொட்டிலுக்கு வெளியே செத்துக் கிடந்தன. அதில் ஒன்று குட்டித்தாய்ச்சி. நான்காவது, பின்னங்கால் பிளந்து, எழும்ப முடியாமல் கத்திக்கொண்டிருந்தது.

“நரிதான் தம்பி. வேறை என்ன?” என்றார் அக்கா.

அயலில் இருக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். எண்பதைத் தாண்டியவர், ஒரு காலத்தில் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்தவர், வன்னிக் காட்டில் வேட்டைக்குப் போய்ப் பழகியவர். அவர் ஆடுகளைப் பார்க்க முதல் கழுத்தைத்தான் பார்த்தார். கழுத்தில் பெரிய காயமில்லை. தொடை, வால், காது என்று கண்ட இடமெல்லாம் கிழிந்திருந்தது. வயிறு திறக்கப்படவில்லை, இறைச்சி தின்னப்படவுமில்லை. பிறகு கொட்டிலடிச் சேற்றில் குந்தி, ஒரு ஈர்க்கை முறித்து அடித்தடம் ஒன்றைச் சுற்றிக் கோடு போட்டுக் காட்டினார். தடம் அகலமாக, விரல்கள் விரிந்து பதிந்திருந்தது. நரியின் தடம் ஒடுக்கமாக நீண்டிருக்கும் என்றார். அதன் முன்காலில் நடுவிரல் மெத்தைகள் இரண்டும் அடியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், நல்ல சேற்றில் அது அப்படியே விழும்.

“நரி பசிக்குக் கொல்லுறது பிள்ளை. ஒண்டைப் பிடிச்சுத் திண்டுட்டுப் போயிருக்கும். இது நாயள். கூட்டமாய் வந்து விளையாடிப்போட்டுப் போயிருக்குதுகள்.”

அவர் சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. நரி ஊளையை நான் கேட்டுப் பல வருஷமாகிறது. சந்தையடியிலும் வெளியோரக் குப்பையிலும் இரவில் கூடுகிற நாய்களை எல்லோரும்தான் பார்க்கிறோம். ஆனாலும் ஆடு செத்தால் வாயில் முதலில் வருவது நரி. பழி சுமக்க அதற்கு நிகரான பிராணி எங்களிடம் இல்லை. பழி மட்டுமில்லை, அதிர்ஷ்டமும் அதன் தலையில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1861இல் வெளிவந்த தன் இலங்கை இயற்கை வரலாற்று நூலில் நரிக்கொம்பைப் பற்றி எழுதியிருக்கிறார். கூட்டத்தின் தலைமை நரிக்கு மண்டையில் ஒரு சிறு கொம்பு முளைக்கும், அதை வைத்திருப்பவன் நினைத்தது நடக்கும், நகையோடு வைத்தால் கள்ளன் வரமாட்டான், வழக்கும் வெல்லும் என்று சிங்களவரும் தமிழரும் நம்பினார்களாம். வேலிக் கதியால் ஒரு சாண் தள்ளி நட்டதற்கு மூன்று தலைமுறை கோட்டுக்கு நடந்த எங்கள் ஊர்களில் அந்தக் கொம்புக்கு நல்ல கிராக்கி இருந்திருக்கும். தமிழ்நாட்டில் சேலம் மாவட்டத்து வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலை ஒட்டி வங்காநரியை வலைவைத்துப் பிடித்து, வாயைக் கட்டி ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள், அதன் முகத்தில் விழித்தால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று. வனத்துறை வந்து தண்டம் போடும், அடுத்த பொங்கலுக்கும் எங்காவது ஒரு நரி பிடிபடும்.

இனி என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது அக்காவின் மகன், “சுட்டால்தான் அடங்கும்” என்றான். இருபது வயதுப் பெடியன். கனடாவில் இருக்கும் அவனுடைய மச்சான் ஒருவன் துவக்கோடும் செத்த கொயோட்டியோடும் நிற்கிற படம் அனுப்பியிருந்தான். கொயோட்டி என்பது வட அமெரிக்காவில் நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் நிற்கிற ஒரு பிராணி. அங்கே பண்ணைகளில் ஆட்டுக்குட்டிக்கும் கன்றுக்கும் அதுதான் எமன். வேட்டையை எப்படித் தொடங்குவது என்று பெடியன் பெரியவரைக் கேட்டான். அவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. தான் தொடங்கிய கதையைச் சொன்னார்.

“முதல் வருஷம் அம்மான் எனக்குத் துவக்குத் தரேல்லை. ரோச்சும் தரேல்லை. பரணிலை ஏத்தி, சும்மா இரு எண்டு விட்டவர்.”

இருட்டுக்குக் கண் பழக அரை மணித்தியாலம் பிடிக்கும். அதற்குள் ஒருவன் பீடி பற்றவைத்தால் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். சோளகம் வீசினால் தென்மேற்கைப் பார்த்துக் குந்து, உன் வேர்வை மணம் உனக்குப் பின்னால் போகட்டும். வாடை திரும்பினால் நீயும் திரும்பு. பன்றி எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போகிறது, எந்த வரம்பில் நின்று காது கொடுக்கிறது என்று ஒரு போகம் முழுக்கப் பார். விசையில் விரல் வைப்பதற்கு முதல் எதைச் சுடுகிறாய் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். “அது மாடாயும் இருக்கலாம், மச்சானாயும் இருக்கலாம்.” இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் இன்னொன்றும் சொன்னார். பரணில் இருந்த இரவுகளில் பெரும்பாலானவற்றில் சுட வேண்டியே வரவில்லை. ஆள் வாடை பட்டால், ஒரு இருமல் கேட்டால், பன்றி திரும்பிவிடும்.

பெடியனுக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கும். எனக்கு அவர் சொன்னதில் அந்தக் கடைசிப் பகுதிதான் மண்டைக்குள் நின்றுவிட்டது.

துவக்குக்கு இந்த ஊரில் ஒரு வரலாறு இருக்கிறது, அது வேட்டையோடு நின்றுவிட்ட வரலாறு இல்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் பயிர் காக்கவென்று தோட்டக்காரருக்கு லைசென்ஸ் கிடைத்தது. அரசாங்க அதிபருக்கு விண்ணப்பம் எழுதி, வருஷா வருஷம் புதுப்பித்து, வீட்டுக்குள் எண்ணெய் பூசித் துணி சுற்றி வைத்திருப்பார்கள். வன்னியில் கொல்லன் பட்டறையில் செய்த இடியன் துவக்குகளும் இருந்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தச் சொட்கன்களுக்குத் திடீரென்று வேறொரு பெறுமதி வந்தது. இயக்கங்கள் வீடு வீடாக வந்து வாங்கிக்கொண்டு போயின. மிஞ்சியவற்றை வைத்திருக்க ஆட்களுக்குத் துணிவில்லை. 1987 மே 26இல் வடமராட்சி மீது இராணுவ நடவடிக்கை தொடங்கியது. ஜூலை 5இல் நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் இருந்த படைமுகாமுக்குள் வெடிமருந்து ஏற்றிய வாகனம் மோதியது. அந்தக் காலத்தில் வாழ்ந்த ஒருவருக்கு வெளியில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் பன்றி ஞாபகம் வராது. வீட்டுக் கதவைச் சாத்துவார்கள், பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவார்கள், மறுநாள் ஆர் எவர் என்று விசாரிப்பார்கள். போர் ஓய்ந்து இத்தனை வருஷமாகியும் அந்த உடம்புப் பழக்கம் போகவில்லை. சுட்டால் அடங்கும் என்று சொல்லும் பெடியன் அந்தச் சத்தத்தைச் சினிமாவில்தான் அதிகம் கேட்டிருக்கிறான். அவனுடைய தாய்க்கு அப்படியில்லை. துவக்கு என்ற பேச்சு எழுந்த உடனே அக்கா தேத்தண்ணி போடுகிற சாட்டில் உள்ளே போய்விட்டார்.

ஆகவே இங்கே வேட்டை இல்லை. ஆனால் கொலை இருக்கிறது, முன்னையிலும் கூட என்று நினைக்கிறேன். பூசணித் துண்டுக்குள்ளோ கருவாட்டுக்குள்ளோ வெடிமருந்தைப் பொதித்து வைக்கிற வாய்வெடி, தோட்டத்தைச் சுற்றி மின்சாரத்தை நேரே இழுத்துவிட்ட கம்பி, சோற்றில் பிசைந்து வைத்த மருந்து, சைக்கிள் கேபிளில் செய்த சுருக்கு. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம், வைத்தவன் அந்த நேரத்தில் அங்கே இருக்கத் தேவையில்லை. அவன் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கலாம். எது வந்து கடித்தது, எவ்வளவு நேரம் துடித்தது என்று அவனுக்குத் தெரியவேண்டியதில்லை. பன்றிக்கு வைத்த வாய்வெடியை யானைக்கன்று கடிக்கிறது. தாடை சிதறினால் தின்ன முடியாது, குடிக்க முடியாது, நாட்கணக்கில் பட்டினி கிடந்துதான் சாகும். 2023இல் மட்டும் இலங்கையில் 470க்கு மேற்பட்ட யானைகள் செத்தன. சுடப்பட்டவையும் மின்சாரம் தாக்கியவையும் வாய்வெடி கடித்தவையும் அதில் உண்டு. கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் 2020 மே மாதம் கர்ப்பிணி யானை ஒன்று வாய் சிதைந்து ஆற்றுத் தண்ணீருக்குள் நின்றபடியே செத்தபோது உலகம் முழுக்கக் கொதித்தது. வெடிவைத்தவருக்கு அந்த யானையோடு எந்தக் கோபமும் இருந்திருக்காது.

என்னைக் கேட்டால், பரணில் குந்தியிருந்து, இன்னது என்று கண்டு, சுட்டு, பிறகு நடந்துபோய் அதன் முன்னால் நின்றவன் இவர்களை விட நேர்மையானவன். இதைச் சைவ உணவுக்காரனான நான் எழுதுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். அவன் கொன்றதற்கு அவனுடைய முகம் இருந்தது. ஊருக்கு அவனைத் தெரியும், பிழை விட்டால் வந்து கேட்க ஆள் இருந்தது. ஆனாலும் அவனுடைய துவக்கு திரும்பி வரவேண்டும் என்று என்னால் எழுத முடியவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பது சங்கடம்தான்.

ஆள் எப்போது வெளியை விட்டுப் போனான்? போரால் மட்டும் என்று சொன்னால் அது பாதிதான் சரி. துலா இறைப்பு இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். வெயில் ஏற முன்னம் இறைத்து முடிக்கவேண்டும் என்று விடியப்புறம் மூன்று, நான்கு மணிக்கே மூன்று ஆட்கள் தோட்டத்தில் நிற்பார்கள். துலாவில் ஏறி நடக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், பாத்திக்குத் தண்ணி மாற ஒருவர். அடுத்த தோட்டத்திலும் மூன்று பேர், அதற்கடுத்ததிலும். இருட்டுக்குள் துலாவின் கிரீச்சொலி, மிதிப்பவர் பாடுவது, சுருட்டு நெருப்பு. புகையிலைக் காலத்தில் மாலுக்குள் படுக்கை. அதற்கு எவரும் காவல் என்று பெயர் வைத்ததில்லை, கூலி கொடுத்ததுமில்லை. ஆனாலும் அந்த வெளியில் இரவு முழுக்க மனித வாடை இருந்தது. மண்ணெண்ணெய் மெசின் வந்ததும் மூன்று பேர் ஒருவரானார்கள். பிறகு மின்சார மோட்டர் வந்தது, அந்த ஒருவரும் காலை தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து சுவிட்சைத் தட்டினால் போதும் என்றாயிற்று. துலா மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். முதுகெலும்பு முறியும் அந்த வேலைக்கு நான் ஒருநாளும் ஏங்கமாட்டேன். அது போனபோது வேலையோடு சேர்ந்து வேறொன்றும் போனது என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

செல்வச்சந்நிதி முருகனை அடிக்கடி கும்பிடுகிற எங்களுக்கு வள்ளியின் உத்தியோகம் என்ன என்று தெரியாமலில்லை. வேடர் குலத்துப் பிள்ளை. தகப்பன் வீட்டில் வில்லும் அம்பும் நிறைந்திருக்கும். அத்தனை வேட்டைக்காரர் இருந்தும் தினைப்புனத்துக்கு அனுப்பியது கையில் கவணோடு ஒரு பெண்ணை. பரணில் நின்று ஆலோலம் பாடிக் கிளியை ஓட்டுவது அவள் வேலை. பயிர் காப்பதும் வேட்டையாடுவதும் இரண்டு வேலை என்பது அந்த வேடருக்குத் தெரிந்திருக்கிறது.

பெடியனின் மச்சான் இருக்கும் கண்டத்துக் கதையும் இதைவிட வெகுதூரம் போய்விடவில்லை. அமெரிக்காவில் ஓநாயைக் கொன்று தீர்த்த இடங்களில் கொயோட்டி பரவியது. அதைப் போன்ற விலங்குகளை அடக்க 1931இல் தனிச் சட்டம் போட்டார்கள். பொறி, நஞ்சு, துவக்கு, பின்னாளில் விமானத்திலிருந்து சூடு. அரசின் ஆட்களே இன்றும் ஆண்டுதோறும் பல்லாயிரம் கொயோட்டிகளைக் கொல்கிறார்கள். மேற்குப் புல்வெளிகளில் இருந்த பிராணி இப்போது கிழக்குக் கடற்கரை வரை வந்து, தெற்கே பனாமாவையும் எட்டிவிட்டது. கூட்டத்தின் தலைச்சோடியைக் கொன்றால் அடக்கமாக இருந்த மற்றவையும் குட்டி போடத் தொடங்கும், இரை மிஞ்சினால் போடுகிற குட்டியும் தப்பும் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். ஆட்டுப் பண்ணைக்காரர் சிலர் காவலுக்குப் பெரிய சாதி நாய்களையும், கழுதைகளையும் மந்தையோடு விடுகிறார்கள். கழுதைக்கு நாய் இனத்தைக் கண்ணில் காட்டக் கூடாது, உதைத்து விரட்டும். மன்னார்த் தெருக்களில் வேலையில்லாமல் அலைகிற கழுதைகள் இதைக் கேட்டால் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும். எங்கள் சனம் நெருங்கி வாழும் ஸ்காபரோவில் வீட்டுக் கொல்லைக்கே கொயோட்டி வரும். ரொறன்ரோ நகரசபை சொல்லும் புத்திமதி: ஓடாதே, கையை உயர்த்து, பலத்த சத்தம் போடு, குப்பையையும் சாப்பாட்டையும் வெளியில் வைக்காதே. ஆலோலம்தான்.

பயிரை அழிக்கும் விலங்குகளை இலங்கை அரசு முதலில் எண்ணிப் பார்க்க நினைத்தது. 2025 மார்ச் 15, காலை 8 மணியிலிருந்து 8.05 வரை ஐந்து நிமிடம், நாடு முழுக்க அவரவர் தங்கள் காணியில் நிற்கும் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணிக் குறிக்க வேண்டும் என்றார்கள். பகிடி பண்ணியவர்கள் அதிகம். ஒரே குரங்கு வேலி தாண்டினால் இரண்டு காணிக் கணக்கில் வருமே என்ற கேள்வி நியாயமானது. எனக்கு அதில் பிடித்தது வேறு. ஐந்து நிமிடமாவது சனம் தங்கள் காணிக்குள் நின்று, என்ன நிற்கிறது என்று பார்த்தது. குரங்கு இப்போது தென்மராட்சித் தென்னைகளில் குரும்பை பிடுங்குகிறது. மயில் எங்கள் மிளகாய்க் கன்றுக்கும் வந்துவிட்டது. நாயை மட்டும் அந்தப் பட்டியலில் எவரும் கேட்கவில்லை, அது காட்டு விலங்கு இல்லையே.

நாயின் கதை மனிதனின் கதையோடு சேர்ந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நடந்தபோது பின்னால் நின்றவை நாய்கள்தான். அவிழ்த்து விடப்பட்டவை கூட்டமாகின. பிறகு வெளிநாடு போனவர்கள் பூட்டிய ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு நாய் மிஞ்சியது. பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டுபோய்ச் சந்தையடியில் விடுவது இன்றும் நடக்கிற காரியம், நல்ல குடும்பத்து ஆட்களே செய்கிறார்கள். 1893இன் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டத்தின் பலத்தில் ஒரு காலத்தில் தெருநாயைப் பிடித்துக் கொன்றார்கள். 2006 முதல் கொல்வதில்லை, கருத்தடையும் தடுப்பூசியும்தான் என்பது அரசின் கொள்கை. கொள்கை நல்லது. ஊசி ஊரின் எல்லா நாய்க்கும் எட்டினால் இன்னும் நல்லது. ஆடு கடிக்கப் பழகிவிட்ட கூட்டத்துக்கு அது போதாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அப்படிப் பழகிய நாயை மிருக வைத்தியர் ஒருவர் தன் கையால், தன் கையெழுத்தோடு, ஊசி போட்டு முடிப்பதை நான் எதிர்க்கமாட்டேன். இரவோடு இரவாக எவரோ வைக்கும் மருந்துச் சோற்றை எதிர்ப்பேன். அதை நாய் தின்னும், கீரி தின்னும், காகம் தின்னும். எங்கேயோ மிஞ்சியிருக்கும் அந்த ஒரு நரியும் தின்னும்.

இறைச்சிக் கடைக் கழிவை இரவில் கொண்டுவந்து வெளியோரம் கொட்டுவதை நிறுத்தினால் கூட்டம் பாதியாகும். பெரியவர் அதைத்தான் முதலில் சொன்னார். அதற்கு எழுத வேண்டிய கடிதத்தை எழுதிக் கொடுத்தோம், பதில் வரும்போது வரட்டும். அதற்கிடையில் அக்கா மிச்சமிருந்த ஆடுகளை வீட்டோடு ஒட்டி, நிலத்திலிருந்து மூன்றடி உயர்த்தி, பலகைத் தளம் போட்டு, சுற்றி வலைக்கம்பி அடித்த கொட்டிலுக்கு மாற்றிவிட்டார். பெடியன்தான் கம்பி அடித்தான். ஆனால் பகலில் மேயவிட்டவை பொழுதுபட்டும் திரும்பாத நாட்கள் உண்டு, குட்டி போட்டவை கொட்டிலில் நிற்க முரண்டு பிடிக்கும். குட்டிகள் தேறும் வரைக்கும் அயல் வீடுகள் நான்கும் முறை வைத்து இரவில் வெளியோரம் இருப்பது என்று முடிவாயிற்று. ஒரு கதிரை, ஒரு ரோச், தட்டுவதற்கு ஒரு பழைய தகரப் பேணி.

முதல் முறையைப் பெரியவர் எடுத்துக்கொண்டார். லண்டனில் இருந்து மகள் போனில் ஏசினாளாம், “பனிக்குள்ளை இருந்து சாகப் போறியளே அப்பா?” என்று. பெடியனையும் கூட்டிக்கொண்டு போனார். ரோச்சை அவனிடம் கொடுக்கவில்லை என்று கேள்வி. மற்ற நாள் காலையில் என் படலையடியில் நின்று, “நீர் எப்ப வாறீர்?” என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என் முறை.